மாநகர சபைப் பணம் ஆலோசகர்களுக்குப் போகும்போது ஆட்சேபிப்பது எப்படி: கொழும்பு வாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பு மாவட்டத்தில் நான் முன்னர் குடியிருந்த ஒழுங்கையில், மே மாத மழைக்கும் ஐப்பசி மழைக்கும் தவறாமல் கான் நிரம்பி வழிந்து, வாசற்படிகளில் இரண்டாவது படி வரை தண்ணீர் நிற்கும். கானைத் தோண்டித் துப்புரவு செய்து தாருங்கள் என்று நாங்கள் உள்ளூராட்சி சபைக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் நிதி போதாது என்ற பதிலே வந்தது. அது பொய்யான பதில் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். அந்தச் சபையின் வருமானம் உண்மையிலேயே குறைந்திருந்தது. ஆனால் அதே ஆண்டில், அந்தக் கான் உட்பட அப்பகுதியின் வடிகாலமைப்பை ஆராய்ந்து அறிக்கை தருவதற்காக வெளி நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கொடுக்கப்பட்டிருந்ததை, தகவல் கோரிப் பெற்ற ஒரு கொடுப்பனவு வவுச்சரின் நிழற்பிரதியில்தான் கண்டோம். பின்னர் அறிக்கையையும் கேட்டு வாங்கினோம். எங்கள் ஒழுங்கையின் பெயரிட்ட படத்தில் அடுத்த ஒழுங்கை முனையின் பலசரக்குக் கடை நின்றது. பல வருடங்களுக்கு முன்னரே கொங்கிறீட் பலகை போட்டு மூடப்பட்ட கான், அட்டவணையில் "திறந்த வடிகான்" என்று பதிவாகியிருந்தது. அந்தப் பலகைகளின் கீழ் மண் அடைத்துக்கொண்டதுதான் கோளாறு என்பது எங்கள் ஒழுங்கையில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆத்திரத்தோடு சபைக்குப் போனோம். உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒப்பந்தம் முடிந்து பணமும் செலுத்தியாகிவிட்டது, இனி என்ன செய்ய முடியும் என்று கேட்டார். அவரிடம் எங்களுக்குப் பதில் இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் நியாயம் இருந்தும் காலம் கடந்திருந்தது. அந்த அனுபவத்திலிருந்தும் அதன் பின் பல சபைகளின் கோப்புகளைப் பார்த்துப் பழகியதிலிருந்தும், கொழும்பு மாநகர எல்லைக்குள் வாழும் தமிழ் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், ஆலோசகருக்குப் போகும் பணம் எந்த நிறுவனத்தினுடையது என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். கொழும்பில் ஒரே வீதியின் இரு ஓரங்களுக்கும் வெவ்வேறு நிறுவனங்கள் பொறுப்பாக இருக்கலாம். காலி வீதி போன்ற பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், நகரின் பெரிய கால்வாய்கள் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கும், நகரத் திட்டமிடலின் பெரும்பகுதி நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் உரியவை. உள்வீதிகள், சிறு கான்கள், குப்பை அகற்றல், மருந்தகங்கள், நூலகங்கள் ஆகியன மாநகர சபையின் பொறுப்பு. வெள்ளவத்தையிலிருந்து தெற்கே தெஹிவளைக்குள் கால் வைத்ததும் சபையே மாறிவிடுகிறது. பிழையான வாசலில் கொடுத்த ஆட்சேபம், உரிய திணைக்களத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற ஒற்றை வரிப் பதிலோடு கோப்புக்குள் உறங்கிவிடும்.

இரண்டாவதாக, அந்தப் பணம் சபையின் சொந்த வருமானமா, கடனா, நன்கொடையா என்று பார்க்க வேண்டும். பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். சபையின் சொந்த வருமானத்தில் முதன்மையானது ஆதன வரி. பழைய ஆட்கள் வாயில் இன்றும் அது சோலைவரிதான். ஜனவரி 31க்குள் முழு ஆண்டுத் தொகையையும் கட்டினால் 10 சதவீதக் கழிவு கிடைக்கும் என்பதற்காக, ஆண்டின் முதல் மாதத்தில் கருமபீடத்தில் வரிசையில் நின்று நாம் கட்டும் பணம் அது. அனுமதிப்பத்திரக் கட்டணங்களும், வாடகைகளும், மாகாண சபை ஊடாக வந்து சேர வேண்டிய முத்திரைத் தீர்வையும் அதோடு சேரும். இந்தப் பணத்தில் ஆலோசகர் அமர்த்தப்பட்டால், இதைக் கானுக்குச் செலவிட்டிருக்கலாமே என்ற வாதம் நேரடியாகப் பொருந்தும். வெளிநாட்டுக் கடனுக்குள் ஆலோசனைச் செலவு அடங்கியிருந்தால் அந்த வாதம் எடுபடாது. உலக வங்கி 2012இல் 213 மில்லியன் டொலர் கடன் வழங்கிய கொழும்பு பெருநகர அபிவிருத்தித் திட்டம் போன்றவற்றில், இன்ன தொகை இன்ன வேலைக்கு என்பது கடன் உடன்படிக்கையிலேயே வகுக்கப்பட்டுவிடும். அதிலிருந்து எடுத்துச் சிற்றூழியர் சம்பளம் கொடுக்க ஆணையாளர் விரும்பினாலும் முடியாது. கடன் பணத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: அறிக்கை எப்போது கையளிக்கப்படும், அதன்படி வேலை செய்வதற்கான பணம் எங்கே, கடனைத் திருப்பிச் செலுத்துவதில் சபையின் பங்கு என்ன என்பவையே அவை.

காலம் அடுத்த விடயம். சபையின் நிதியாண்டு ஜனவரி முதலாம் திகதி தொடங்குகிறது. பல உள்ளூராட்சி மன்றங்கள் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் முன்மொழிவுகளைத் திரட்டுகின்றன. வரைவு வரவு செலவுத் திட்டம் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுகிறது. டிசெம்பர் முடிவதற்குள் சபையில் வாக்கெடுப்பு நடக்கிறது. ஆகவே உங்கள் வேலை செப்டெம்பரிலேயே தொடங்க வேண்டும். மாநகர முதல்வர் வரைவைச் சமர்ப்பிக்கும் வரை காத்திருந்தால், அதற்கு முன்பே பிரிவுத் தலைவர்களும் பொருளாளரும் தொகைகளை எழுதி முடித்திருப்பார்கள். ஆண்டு நடுவில் மேலதிகப் பணம் ஒதுக்கக் கோரி வரும் குறைநிரப்பு மதிப்பீடுகளையும் கவனியுங்கள். டிசெம்பரில் எல்லோருடைய கண்ணும் படும் ஒரு செலவு, யாரும் பார்க்காத ஜூலையில் அமைதியாக நுழைந்துவிடக்கூடும்.

வரைவைக் கையில் எடுத்தவுடன் "ஆலோசகர்" என்ற சொல்லை மட்டும் தேடாதீர்கள். நமது அரச தமிழில் இதே செலவு மதியுரைச் சேவை, உசாத்துணைச் சேவை, தொழில்சார் கட்டணம், சாத்தியவள ஆய்வு, திட்டத் தயாரிப்பு எனப் பல பெயர்களில் வாழ்கிறது. சில வேளைகளில் பயிற்சி, கணினிமயமாக்கல், ஏனைய சேவைகள் ஆகிய தலைப்புகளுக்குள்ளும் அடங்கியிருக்கும். மீண்டெழும் செலவினம், மூலதனச் செலவினம் ஆகிய இரண்டு பகுதிகளையும் பாருங்கள். ஒவ்வொரு தலைப்பின் இலக்கத்தையும், கடந்த ஆண்டு ஒதுக்கிய தொகையையும், உண்மையில் செலவான தொகையையும், இவ்வாண்டு கேட்கப்படும் தொகையையும் ஒரு கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதே பக்கத்தின் கீழே, உங்கள் வட்டாரத்தில் பணமில்லை என்று நிறுத்தப்பட்ட வேலைகளின் ஒதுக்கீடுகளையும் எழுதுங்கள். இந்த ஒரு பக்கம் கையில் இருந்தால் உறுப்பினரோடும் உத்தியோகத்தரோடும் பேசும் பேச்சின் தரமே மாறிவிடும்.

வரைவில் தொகை மட்டும்தான் இருக்கும், காரணம் இராது. காரணத்தைப் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள இந்தச் சட்டம், ஏழை வீட்டுப் பெண் ஒருவரும் மாநகர ஆணையாளரின் கோப்பைக் கேட்டுப் படிக்க வழிசெய்த சட்டம். அதன் அருமையை நாம் இன்னும் முழுமையாக உணரவில்லை என்றே நினைக்கிறேன். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் தகவல் அலுவலரே அதை எழுத்தில் பதிய வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவு உங்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும்.

என்ன கேட்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. "ஆலோசகர்களுக்கு எவ்வளவு செலவழித்தீர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஒரு மொத்தத் தொகைதான் வரும். அதைவிட ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: இந்தத் தலைப்பின் கீழ் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு ஆலோசகருக்கும் கொடுக்கப்பட்ட பணி வரையறை, விலை கோரலுக்கான அறிவித்தல், மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை, ஒப்பந்தம், தவணைவாரியான கொடுப்பனவு வவுச்சர்கள், கையளிக்கப்பட்ட அறிக்கை, அதைச் சபை ஏற்றுக்கொண்ட தீர்மானம். இவற்றோடு இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள். அந்தப் பிரிவில் அங்கீகரிக்கப்பட்ட பொறியியலாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர் பதவிகள் எத்தனை, அவற்றில் இப்போது நிரப்பப்பட்டிருப்பவை எத்தனை என்ற விபரம் அது. இந்த வேலையைச் சபையின் சொந்த ஆட்களால் ஏன் செய்ய முடியவில்லை என்ற கேள்விக்கான விடை அந்த இரண்டு எண்களில்தான் ஒளிந்திருக்கும். 2022 நெருக்கடிக்குப் பின் பொறியியலாளர்கள் பலர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். வெற்றிடங்கள் நிரம்பாத இடத்தில் ஆலோசகர் வந்து உட்காருவது பல தடவை வேறு வழியில்லாமல்தான் நடக்கிறது. அப்படியென்றால் உங்கள் ஆட்சேபத்தின் குறி ஆலோசகரிலிருந்து ஆட்சேர்ப்புக்கு மாற வேண்டும்.

வர்த்தக இரகசியம் என்று சொல்லி மறுத்தால் மனம் தளர வேண்டாம். ஒரு நிறுவனத்தின் போட்டி நிலைக்குப் பாதகமாகக்கூடிய தகவல்களைக் காக்கும் விதிவிலக்கு சட்டத்தின் 5ஆம் பிரிவில் உண்மையில் இருக்கிறது. ஆனால் பொதுநலன் மேலோங்கும்போது தகவல் கொடுக்கப்பட வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சபை கொடுத்த தொகையும், சபைக்குக் கிடைத்த அறிக்கையும் யாருடைய இரகசியமாகவும் இருக்க முடியாது என்று மேன்முறையீட்டில் எழுதுங்கள். மறுப்புக் கிடைத்து 14 நாட்களுக்குள் சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையிட வேண்டும். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் திருப்தியில்லையெனில் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். பதிலே வராவிட்டாலும் அது மறுப்பாகவே கணிக்கப்படும். ஒவ்வொரு கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியின் மூலையில் குத்தி வையுங்கள். அந்தத் துண்டுச் சீட்டில் இருக்கும் திகதியே பின்னர் உங்கள் சாட்சி.

தமிழில் எழுதத் தயங்காதீர்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அரச உத்தியோகத்தர்களோடு தமிழில் தொடர்புகொள்ளவும், அவர்களிடமிருந்து தமிழில் கடிதம் பெறவும் உரிமை தருகிறது. பதில் சிங்களத்தில் வந்தால், கடிதத்தின் இலக்கத்தைக் குறிப்பிட்டுத் தமிழ்ப் பிரதி கேளுங்கள். இதனால் சில நாட்கள் தாமதமாகும் என்பது உண்மை. மேன்முறையீட்டுக் காலக்கெடு நெருங்கினால், தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பித்து வேலையைத் தொடர்ந்துகொண்டே மொழிபெயர்ப்பையும் கேட்டு நில்லுங்கள்.

ஆவணங்கள் வந்ததும் பெறுகை முறையை, அதாவது பொருட்களையும் சேவைகளையும் சபை வாங்கும் முறையைப் பாருங்கள். ஆலோசகர்களைத் தெரிவு செய்வதற்கென இலங்கையில் 2007இலேயே தனி வழிகாட்டல்கள் வெளியிடப்பட்டன. 2022இல் வந்த அரசியலமைப்பின் 21ஆம் திருத்தத்தின் பின் பெறுகை விதிகள் மீண்டும் தேசிய பெறுகை ஆணைக்குழுவின் பொறுப்பில் இருக்கின்றன. தொழில்நுட்ப முன்மொழிவும் நிதி முன்மொழிவும் தனித்தனியே மதிப்பிடப்பட்டனவா, பலருக்கு வாய்ப்புக் கொடுக்கப்பட்டதா, ஒரே நிறுவனத்தை நேரடியாக அமர்த்தியிருந்தால் அதற்கான காரணம் எழுத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பணி வரையறையை இரண்டு முறை வாசியுங்கள். என் கண்ணில், ஒரு கெட்ட ஒப்பந்தம் முதலில் பணி வரையறையிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். "வடிகாலமைப்பை மேம்படுத்துவதற்கான பரிந்துரைகளை வழங்குதல்" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், எந்த அறிக்கையும் அதை நிறைவேற்றியதாகிவிடும். எத்தனை கான்கள் அளக்கப்பட வேண்டும், மழை நாளில் எத்தனை தடவை பார்க்க வேண்டும், குடியிருப்பாளர்களிடம் கேட்க வேண்டுமா, அறிக்கையில் வேலைக்கான செலவு மதிப்பீடு இருக்க வேண்டுமா என்பவை எழுதப்பட்டிருந்தால்தான் பிழையான அறிக்கையைத் திருப்பி அனுப்பச் சபைக்கும் வழியிருக்கும்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆலோசகர் எல்லோரும் வீண் செலவு என்று நான் கருதவில்லை. ஐம்பது வருடப் பழமையான தொடர்மாடியின் தூண்கள் தாங்குமா என்பதை அதில் தேர்ந்த பொறியியலாளர்தான் சொல்ல முடியும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் பல வருடங்களாக வீதியில் இறங்கி எச்சரித்து வந்தவர்கள். மண்ணின் உறுதியை அளக்கும் நிபுணரும் வேண்டும், அந்த மண்ணருகே வாழ்பவரின் பேச்சுக்குச் செவி கொடுப்பதும் வேண்டும். எதற்கெடுத்தாலும் ஆலோசகர் வேண்டாம் என்பவரின் கடிதத்தை உத்தியோகத்தர் ஒரு வருடத்தில் வாசிக்காமல் ஒதுக்கப் பழகிவிடுவார். இந்த ஆண்டு, இந்தத் தலைப்பு, இந்த வேலை, இந்தத் தொகை என்று குறித்து எழுதுபவரின் கடிதத்துக்குக் கோப்பில் குறிப்பு எழுதியே ஆக வேண்டும்.

கடிதம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மாநகர முதல்வருக்கும் ஆணையாளருக்கும் முகவரியிட்டு, நிதிக்குழுவுக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் பிரதி வையுங்கள். அதன் நடுப்பகுதி இப்படி அமையலாம்: "வரைவு வரவு செலவுத் திட்டத்தின் இன்ன இலக்கத் தலைப்பின் கீழ் மதியுரைச் சேவைகளுக்கென ஒதுக்கப்பட்டுள்ள தொகையை, அதே பிரிவின் வடிகான் பராமரிப்புத் தலைப்புக்கு மாற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம். இதே பகுதி பற்றிய அறிக்கை ஒன்று முன்னரே சபையிடம் இருக்கிறது. அதன் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. அதன் பரிந்துரைகளில் எவை நிறைவேற்றப்பட்டன என்பதை அறியத் தரும் வரை, புதிய ஆய்வுக்கான ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டாம் என்பது எங்கள் ஆட்சேபம்." குறைக்கச் சொல்வதோடு நில்லாமல் எங்கே மாற்ற வேண்டும் என்பதையும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். உறுப்பினர் ஒருவர் சபையில் எழுந்து திருத்தம் கொண்டுவர அந்த வரியே அவருக்குப் போதும்.

கையொப்பங்களை வீட்டிலக்கத்தோடும், முடிந்தவர்களிடமிருந்து ஆதன வரி இலக்கத்தோடும் வாங்குங்கள். முகவரியில்லாத ஆயிரம் பெயர்களைவிட, ஒரே ஒழுங்கையின் நாற்பது வீட்டிலக்கங்கள் கனமானவை. வாடகைக்கு இருப்பவர்களையும், நகரில் தோட்டம் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். கான் வழிந்தால் முதலில் தண்ணீர் போகும் வீடு அவர்களுடையது. கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் கிராண்ட்பாஸிலும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே கானின் கரையில் வாழ்கிறோம். கடிதம் இரண்டு மொழிகளிலும் இருந்து மூன்று சமூகத்தாரின் கையொப்பமும் சேர்ந்தால், இதை எந்தக் கட்சியின் வேலையாகவும் ஒதுக்கித் தள்ள முடியாது.

உறுப்பினர்களைச் சந்திப்பதற்கு இன்றைய கொழும்பில் தனிப் பெறுமதி உண்டு. 2023 மார்ச் 19 முதல் 2025 நடுப்பகுதி வரை தெரிவு செய்யப்பட்ட சபையே இல்லாமல் ஆணையாளரின் கீழ் நகரம் இயங்கியது. அப்போது கேட்பதற்கு உறுப்பினர் இருக்கவில்லை. இப்போது 47 வட்டாரங்களோடு 117 உறுப்பினர்கள் இருக்கிறார்கள், எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. 2025 ஜூனில் மாநகர முதல்வர் தெரிவே 61க்கு 54 என்ற வாக்குகளில் முடிந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் டிசெம்பரில் முதல் வாக்கெடுப்பில் தோற்று, ஆண்டின் கடைசி நாளில் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. இப்படியான சபையில் இரண்டு மூன்று உறுப்பினர்களின் மனம் ஒரு தலைப்பின் விதியை மாற்றக்கூடியது. ஆளும் தரப்பையும் எதிர்த்தரப்பையும் சந்தியுங்கள். இருவரிடமும் ஒரே தாளைக் கொடுங்கள். ஒருவரிடம் ஒன்று சொல்லி மற்றவரிடம் வேறொன்று சொன்னால் நகர மண்டபத்தின் படியிறங்குவதற்குள் அது தெரிந்துவிடும்.

ஒப்பந்தம் ஏற்கனவே கையெழுத்தாகியிருந்தால், இரத்துச் செய்யுங்கள் என்று கேட்பதற்கு முன் ஒப்பந்தத்தின் முடிவுறுத்தல் வாசகத்தை வாசியுங்கள். நடுவில் நிறுத்தினால் இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கலாம். அப்போது வேலையும் இல்லை, பணமும் இல்லை. அதைவிட அடுத்த தவணையைப் பிடித்து நிற்பது நல்லது. இடைக்கால அறிக்கையைப் பெற்று, உங்கள் ஒழுங்கைக்கு நடந்து போய், பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் அறிக்கையில் இருந்ததுபோல் கடை மாறியிருந்தால், இரண்டு இடங்களையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, இறுதித் தவணை செலுத்தப்படுவதற்கு முன் ஆணையாளருக்கும் பொருளாளருக்கும் அனுப்புங்கள். பிழையான அறிக்கையை ஏற்றுக்கொண்டு பணம் விடுவித்த உத்தியோகத்தர் கணக்காய்வில் பதில் சொல்ல வேண்டியவர். அந்தக் கடிதம் கோப்பில் இருக்கும்போது அவர் எளிதில் கையொப்பமிடமாட்டார்.

எழுதும்போது ஒருவரையும் கள்வர் என்று சொல்லாதீர்கள். தரகுப்பணம் கைமாறியது என்பதற்கு ஆதாரம் இருந்தால் அது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டிய முறைப்பாடு. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதற்கென இருக்கிறது. ஆதாரமில்லாத சந்தேகத்தைக் கடிதத்தில் எழுதினால், நீங்கள் சிரமப்பட்டுத் திரட்டிய கணக்கெல்லாம் பின்னுக்குப் போய், அந்த ஒரு சொல்லைப் பற்றிய சண்டையே மிஞ்சும்.

கடைசியாகக் கணக்காய்வு. மாநகர சபையின் கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி பரிசோதிக்கிறார், அறிக்கைகள் வெளியிடப்படுகின்றன, பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவும் உள்ளூராட்சி மன்றங்களை அழைத்து விசாரிக்கிறது. உங்கள் ஆவணங்களின் பிரதிகளை அவரது தேசிய கணக்காய்வு அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். அறிக்கை வெளிவரும்போது ஆலோசனைக் கட்டணம் பற்றிய பந்தி அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அந்தப் பந்தியின் இலக்கத்தை வரும் செப்டெம்பரில் நீங்கள் எழுதப்போகும் கடிதத்தின் முதல் வரியில் வையுங்கள்.